கல்யாணக் காருக்கு நான் எடுத்த அளவு

என் கொழுந்தன் எங்கள் காரின் ஸ்பிரிங்கை வெட்டியது அன்பினால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், மேலே படிக்கிறவர்கள் அவனைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவார்கள். அவன் கெட்டவனில்லை. மடையன்.

என் வீட்டுக்காரர் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களில் நடந்தது இது. அவர் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டியவர். வருஷக்கணக்கில் குலுங்கிக் குலுங்கி முதுகெலும்புக்கு நடுவே இருக்கிற தட்டு இரண்டு நசுங்கிப் போயிருந்தன. எங்கள் வீடு கிள்ளானை ஒட்டின பண்டமாரானில். முன்கூடத்தில் தையல் மெஷின் போட்டு நான் ரவிக்கை தைக்கிறேன். எங்கள் ஒரே மகளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இரண்டு மாதத்தில் பிரிக்பீல்ட்ஸில், மாப்பிள்ளை வீட்டார் போகிற தேவாலயத்தில் திருமணம். மணப்பெண் போவது எங்கள் பழைய செடான் காரில்தான் என்பதும் முடிவாகியிருந்தது.

அந்தக் காரைத்தான் கொழுந்தன் எடுத்துக்கொண்டு போய், அண்ணன் வீட்டுக்கு வருவதற்குள் ஒரு சர்ப்ரைஸ் தரவேண்டும் என்று, நான்கு ஸ்பிரிங்கிலும் இரண்டிரண்டு சுருளை வெட்டிவிட்டான். நம் ஊரில் இது ஒன்றும் புதிதில்லை. கார் தரையோடு தரையாக இருந்தால்தான் பையன்களுக்குச் சோறு இறங்கும். ஆனால் இவன் பையனில்லை, நாற்பத்திரண்டு வயது.

"அண்ணி, வந்து பாருங்க! செம ஸ்டைலோ! கல்யாணக் காருன்னா இப்படித்தான் குனிஞ்சு இருக்கணும். வீடியோல கெத்தா வரும்லா!"

பார்த்தேன். சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே இரண்டு விரல்கூடப் போகாது. பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அன்று அழகாகத்தான் தெரிந்தது. டயரைக் கறுப்பாக மினுக்கி, காற்றையும் கல் மாதிரி அடித்து வைத்திருந்தான். நல்லா இருக்கு தம்பி என்று சொல்லி அவனுக்கு மைலோ கலந்து கொடுத்தேன். அந்த மைலோவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

மறுநாள் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். கொழுந்தன் ஓட்டினான், அவர் முன்சீட்டில், நான் பின்னால். எங்கள் தாமான் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் கேட்டுக்கு முன்னால் சொந்தமாக ஒரு போங்கோல் கட்டி வைத்திருப்பான். சிமென்ட்டைக் குவித்து மேட்டைப் போட்டுவிட்டால் வேகமாகப் போகிற மோட்டார்சைக்கிள் அடங்கிவிடும் என்று நினைப்பு. மோட்டார்சைக்கிள்காரன் ஓரமாக இருக்கிற இடைவெளியில் நழுவிப் போய்விடுவான். கார்தான் மாட்டும். எங்கள் வீட்டுக்கு வர ஒன்பது போங்கோல்.

முதல் போங்கோலில் கார் 'டங்' என்றது. ஸ்பிரிங்கில் இறங்குவதற்கே இடமில்லை, இரும்பும் இரும்பும் மோதின. அவருடைய கை மேலே போய் ஜன்னலுக்கு மேல் இருக்கிற கைப்பிடியைப் பிடித்தது.

"என்னங்க, வலிக்குதா?"

"ஓகே லா."

இந்த மனிதரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இவருக்கு எல்லாமே ஓகே லா. குழம்பில் உப்பு இல்லையென்றாலும் ஓகே லா, உப்புக் கரித்தாலும் ஓகே லா. பிரசவ அறைக்கு வெளியே எட்டு மணி நேரம் நின்றவரிடம் கால் வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டதற்கும் அதே பதில்தான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் அவர் வாயை நம்புவதை விட்டுவிட்டேன். கையைத்தான் பார்ப்பேன். ஒன்பதாவது போங்கோல் தாண்டும்போதும் அந்தக் கை கைப்பிடியில்தான் இருந்தது. சட்டைக் காலர் முழுக்க வியர்வை. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கட்டிலில் படுக்க வைத்த பிறகு, கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"சர்ச்சுக்கு நான் வரல. அவ சித்தப்பா கூட்டிட்டு நடக்கட்டும். நான் வீட்டுலேருந்தே ஃபோன்ல பாத்துக்கிறேன்."

"என்ன பேச்சு இது? பெத்த அப்பா நீங்க இருக்கும்போது?"

"இருவது நிமிஷமே தாங்கல. பிரிக்பீல்ட்ஸ் ஒரு மணி நேரம். அங்க போய் எறங்கி நான் எப்படி நடப்பேன்?"

தேவாலய வாசலிலிருந்து பீடம் வரை மகள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் மாப்பிள்ளையிடம் ஒப்படைப்பது அப்பாவின் வேலை. எங்கள் வீட்டில் அது வெறும் சடங்கில்லை. மகள் ஒன்பது வயதில் முதல் நன்மை வாங்கிய நாளிலிருந்து, அந்த வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்துக் கூடத்தில் மேலும் கீழும் நடந்து பழகியவள். அவள் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

"அப்பா வரலன்னா எனக்கு யாரும் வேணாம்மா. நான் தனியாவே நடந்துக்கிறேன்."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று தெருவே சொல்லும். கொழுந்தனைக் கூப்பிட்டு, வெட்டிப்போட்ட ஸ்பிரிங் துண்டுகளை அவன் கையில் கொடுத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவன் அண்ணன் படுக்கையருகே போய் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான். அதைப் பார்த்த பிறகு மேற்கொண்டு திட்ட எனக்கு மனம் வரவில்லை.

வேறு வண்டி எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கேட்டோம். மாப்பிள்ளை வீட்டார் தங்கமானவர்கள், பெரிய வேன் ஒன்றை வாசலுக்கே கொண்டுவந்தார்கள். அதில் ஏற ஒரு காலை இடுப்பளவு தூக்க வேண்டும், உள்ளே சீட்டு நெட்டுக்குத்தாக நிற்கும். இவரால் ஏறவே முடியவில்லை. எங்கள் கார் முன்சீட்டு மட்டும்தான் அவர் உடம்புக்கு வாகாகச் சாயும், கதவும் தாழ்வு. ஒரு மணி நேரம் போகலாம், ஆனால் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரத்துக்கு மூன்று நாள் பிசியோவுக்கு வரவேண்டும், வராவிட்டால் கால் நடை மறந்துவிடும் என்றும் சொன்னார். அந்தக் காரில் ஏறப் பயந்து இவர் முதல் வாரமே பிசியோவை விட்டுவிட்டார். ஆக, கார் சரியாகாவிட்டால் நடையும் இல்லை, மகளின் கையும் இல்லை. எனக்குக் கணக்கு தெளிவாகிவிட்டது.

கிள்ளானில் எங்களுக்குத் தெரிந்த வொர்க்‌ஷாப் ஒன்று உண்டு. அதன் முதலாளி என்னைவிடச் சிறியவர், பெரிய உடம்பு, பெரிய குரல். காரை ஒரு சுற்று சுற்றி வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"யாரு அக்கா இப்படி வெட்டுனது?"

கொழுந்தன் எதிரே இருந்த பாசார் சந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அது கெடக்கட்டும் தம்பி. என் வீட்டுக்காரருக்கு முதுகு நோகக் கூடாது. அதுக்கு வழி சொல்லு."

"சிம்பிள் அக்கா. நல்லா சாஃப்டா போட்டுருவோம். ஹாஃப்-கட் கடையில சாமான் இருக்கு. தொட்டில் மாதிரி போகும்."

ஹாஃப்-கட் கடை என்றால், வெளிநாட்டிலிருந்து பாதியாக அறுத்து வந்த பழைய கார்களைப் பிரித்து விற்கிற இடம். இதே கார்தான், ஆனால் சின்ன எஞ்சின் வைத்த மாடல். அதிலிருந்து கழற்றிய மெல்லிய ஸ்பிரிங் நான்கும், பழகித் தளர்ந்த அப்சோர்பர் நான்கும் கொண்டுவந்து பூட்டினார். கார் பழைய உயரத்துக்கு எழுந்து நின்றது. வீட்டுக்கு ஓட்டி வந்தேன். போங்கோல் வந்ததே தெரியவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்காரரை உட்கார வைத்துத் தெருவைச் சுற்றினேன், கை மடியிலேயே இருந்தது. அன்று மீன் தலைக் கறி வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை, திருமணப் பத்திரங்களில் கையெழுத்துப் போட ஃபாதரைப் பார்க்க வேண்டும் என்று நான்கு பேரும் பிரிக்பீல்ட்ஸுக்குப் புறப்பட்டோம். கொழுந்தன் ஓட்டினான். பெடரல் ஹைவேயில் வேகம் ஏறியதும் கார் மிதக்க ஆரம்பித்தது. பாலத்தின் இணைப்பு ஒன்றைத் தாண்டினால் ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டியது, மூன்று தடவை எழும்பி மூன்று தடவை இறங்கியது. லேன் மாறினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. பின்னால் நானும் மகளும் உட்கார்ந்த கனத்துக்கே பின்பக்கம் அழுந்திப் போயிருந்தது. அவர் கை ஷா ஆலமிலேயே கைப்பிடிக்குப் போய்விட்டது. சுபாங் தாண்டும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஓகேவா?" என்றாள் மகள்.

பதில் வரவில்லை. ஓகே லா என்றுகூட வரவில்லை. நான் பயந்துபோனேன்.

பெட்டாலிங் ஜெயாவில் ஹைவேயை விட்டு இறங்கி ஒரு மரத்தடியில் நிறுத்தினோம். சீட்டைச் சாய்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முதுகில் கை வைத்துப் பார்த்தேன், சதை முழுக்க இறுகிப் பலகை மாதிரி இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் கொஞ்ச தூரம்தான். போகவில்லை. அங்கிருந்தே மெதுவாகத் திரும்பினோம். இரண்டு நாள் அவர் கட்டிலை விட்டு எழவில்லை.

"விடு," என்றார். "நீயும் என்னதான் பண்ணுவே."

அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த வாரம்தான் ஒரு வாடிக்கையாளர் அக்கா, நான் தைத்துக் கொடுத்த ரவிக்கையோடு திரும்பி வந்தார். இறுக்கமே வேண்டாம், தொளதொளவென்று சௌகரியமாக இருக்கட்டும் என்று அவரேதான் கேட்டிருந்தார். நான் எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. இப்போது வந்து புலம்பினார்.

"தோள்லேருந்து எறங்கிக்கிட்டே இருக்கு. இழுத்து இழுத்து விட்டே கை வலி கண்டுபோச்சு. பந்தியில ஒழுங்கா சாப்பிடக்கூட முடியல."

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அன்று அந்த ரவிக்கையைக் கையில் வாங்கித் தோளைத் தடவிப் பார்த்தேன். இருபது வருஷமாக ரவிக்கை தைக்கிறவளுக்கு இது தெரியாதா? துணி உடம்பைத் தாங்கவில்லை என்றால் உடம்புதான் துணியைத் தாங்க வேண்டும். அந்த மிதக்கிற காரில் என் வீட்டுக்காரர் வழி முழுக்கத் தன் முதுகுச் சதையால் தன்னைத் தானே பிடித்து நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறார். குலுக்கல் கொன்றது என்று பார்த்தால் ஆட்டம் அதைவிட மோசமாகக் கொன்றிருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்!

அந்த அக்காவின் ரவிக்கையை உடனே பிரித்துத் தோளில் கால் அங்குலம் பிடித்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் இஞ்ச் டேப்பும், சாக்குக்கட்டியும், அளவு நோட்டும், வீட்டுக்காரர் முதுகுக்காகக் கட்டுகிற இடுப்புப் பெல்ட்டும் எடுத்துக்கொண்டு வொர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

"தம்பி, அளவெடுக்கணும்."

"எதுக்கு அக்கா?"

"காருக்கு."

அவர் சிரித்தார். கொழுந்தனும் சிரிக்கப் பார்த்து, என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

"அக்கா, இது பிளவுஸ் இல்ல, காரு."

"உள்ள உக்கார்றது உடம்புதானே? அளவு பாக்காம சாஃப்டு சாஃப்டுன்னு மாட்டிவிட்டே. என் புருசன் ரெண்டு நாளு படுக்கையில கெடந்தாரு. இன்னிக்கு நான் சொல்றதைக் கேளு."

நான்கு சக்கரத்துக்கு மேலேயும் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு வரைக்கும் டேப் பிடித்து, காலிக் கார் அளவை எழுதினேன். பிறகு கொழுந்தனையும் வொர்க்‌ஷாப் முதலாளியையும் பின்சீட்டில் ஏற்றினேன். அவர் கனத்துக்கு அவர் ஒருவரே இரண்டு பேர். மறுபடி அளந்தேன். பின்பக்கம் மூன்று அங்குலம் இறங்கியிருந்தது.

"இப்பவே மூணு இஞ்ச் போச்சு. இனி போங்கோல் வந்தா எறங்க எங்க இடம்? என் மக பின்னாடி கவுனோட உக்காருவா, தோழிப் பொண்ணு பக்கத்துல உக்காரும். பூ, பெட்டி, எல்லாம் பின்பக்கப் பூட்ல வரும். யாருக்காக இந்த ஸ்பிரிங்கை வாங்குனே, காலிக் காருக்கா?"

அவர் காரிலிருந்து இறங்கி டேப்பை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு தடவை அளந்தார். பிறகு சிரிக்கவில்லை.

அடுத்தது, என் வீட்டுக்காரருடைய பெல்ட்டை நான் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் சீட்டில், அவர் சாய்கிற அளவுக்குச் சாய்ந்து உட்கார்ந்தேன். கொழுந்தனை ஓட்டச் சொல்லி, போங்கோல், குழி, வளைவு, பாலம் எல்லாவற்றுக்கும் போனோம். குத்தினால் ஒரு குறி, ஆடினால் ஒரு குறி என்று நோட்டில் போட்டேன். குத்துகிற குறி இரண்டோ மூன்றோதான் இருந்தது. ஆடுகிற குறியால் பக்கம் நிறைந்துவிட்டது. திரும்பி வந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

"அக்கா," என்றார், இப்போது குரல் இறங்கியிருந்தது, "ஸ்பிரிங் கனத்தைத் தாங்கும். அது ஆரம்பிச்ச ஆட்டத்தை நிறுத்துறது அப்சோர்பர். ஸ்பிரிங்கும் மெலிசு, அப்சோர்பரும் செத்தது. என் தப்புதான்."

"சரி. இப்ப என்ன போடலாம், சொல்லு."

கொழுந்தன் முந்திக்கொண்டான். ரேஸ்காரர்கள் போடுகிற, உயரத்தைக்கூட ஏற்றி இறக்கலாம் என்கிற செட் ஒன்று இருக்கிறதாம், மூலையில் திரும்பினால் ரயில் மாதிரி போகுமாம்.

"அண்ணி, கன்ட்ரோல்னா அதான் கன்ட்ரோல்!"

"டேய், உங்கண்ணன் சிப்பாங்குக்கு ரேஸுக்கா போறாரு? ஏற்கெனவே ஒரு தடவை உன் பேச்சைக் கேட்டது போதும்."

அவன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது என்பதை நான் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டம் நிற்க வேண்டுமானால் கொஞ்சம் பிடிப்பு வேண்டும்தான். ஆனால் ஸ்பிரிங்கையே கல்லாக்கிவிட்டால் மறுபடி 'டங்'தான். கடைசியில் முடிவு செய்தது இதுதான்: ஸ்பிரிங் நான்கும் புதிது, எங்கள் காரின் இதே மாடலுக்குக் கம்பெனி கொடுத்த அளவு, அதைவிட மெலிசும் வேண்டாம் தடிப்பும் வேண்டாம். அப்சோர்பர் நான்கும் புதிது, தலையில் திருகு வைத்தது. திருகைத் திருப்பினால் 'டிக்' 'டிக்' என்று ஒவ்வொரு படியாகப் பிடிப்பு கூடும். மேலே இருக்கிற ரப்பர்களையும் கூடவே மாற்றச் சொன்னேன். புது ரவிக்கைக்கு யாராவது பழைய கொக்கி வைப்பார்களா?

பூட்டிய அன்று மத்தியானம் முழுக்க நாங்கள் மூன்று பேரும் கிள்ளான் தெருக்களில்தான். எல்லாத் திருகையும் தளர்த்தி ஒரு ஓட்டம் போனோம், பாலத்தில் இன்னும் ஒரு ஆட்டம் மிச்சம் இருந்தது. இரண்டு படி ஏற்றினோம், பரவாயில்லை. ஐந்து படி ஏற்றினோம். வளைவில் கார் அசையவே இல்லை, கொழுந்தன் கை தட்டினான். ஆனால் தாரில் இருக்கிற ஒவ்வொரு ஒட்டும் என் இடுப்பில் வந்து கணக்குச் சொன்னது. இறக்கச் சொன்னேன். முன்னால் மூன்று படி, பின்னால் கனம் ஏறும் என்பதால் நான்கு படி. அந்த அளவில் போங்கோலைத் தாண்டினால் 'டப்' என்று ஒரே சத்தம், அதோடு சரி. எழும்பியது இறங்கியது, முடிந்தது.

ஆனாலும் சின்னதாகக் கடகட என்று ஒரு அதிர்வு விடாமல் வந்துகொண்டிருந்தது. எனக்குப் புரியவில்லை. முதலாளி டயரில் காற்றுமானியை வைத்துப் பார்த்துவிட்டுக் கொழுந்தனை முறைத்தார். டயரை மினுக்கிய அன்று அவன் அடித்த காற்று அப்படியே இருந்தது. கதவோரம் ஒட்டியிருக்கிற அளவுக் காகிதத்தில் என்ன போட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு இறக்கினார். அதிர்வு போயே போய்விட்டது.

"நான் சொல்றேன் அக்கா," என்றார் முதலாளி, "இவன்கிட்ட சாவியே கொடுக்காதீங்க."

வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்தது வேறு கதை. இரண்டு தடவை சூடுபட்ட மனிதர், காரைப் பார்த்தாலே திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கெஞ்சவில்லை, எனக்கு அது வராது. "பிசியோவுக்கு மட்டும் வாங்க. வலிச்சா இந்தக் காரை வித்துடுறேன், அப்புறம் உங்களை எங்கேயும் கூப்பிட மாட்டேன்" என்றேன். ஏறினார். ஒன்பது போங்கோல் தாண்டினோம். கை இரண்டும் மடியில் இருந்தன. மருத்துவமனை வாசலில் இறங்கும்போது, "என்ன போட்டீங்க இதுல?" என்று கேட்டார். காரைப் பற்றி அவர் கேள்வி கேட்டே மாதக்கணக்காகியிருந்தது.

அப்புறம் ஒரு நாள்கூடப் பிசியோ தப்பவில்லை. முதலில் நான்கு கால் வைத்த கம்பியைப் பிடித்து நடந்தார், பிறகு ஒற்றைக் கைத்தடி, பிறகு என் கை. மகளின் கவுனை நான் கூடத்தில் தைத்துக்கொண்டிருக்க, அவர் மெஷினிலிருந்து வாசல் வரை நடப்பார், திரும்புவார். எத்தனை நடை என்று மகள் எண்ணுவாள். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் கைத்தடியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

கல்யாணத்தன்று யார் ஓட்டுவது என்பதில் ஒரு சின்னச் சண்டை வந்தது.

"அண்ணி, பட்டுப் புடவை கட்டிட்டு நீங்களா ஓட்டுறது? வீடியோல எல்லாம் வரும்."

"நல்லா வரட்டும். இந்தக் காரோட அளவு எனக்குத்தான் தெரியும். நீ பின்னாடி உன் மோட்டார்சைக்கிள்ல வா."

பானெட்டில் வெள்ளை ரிப்பன் கட்டி, கொசுவத்தை இடது பக்கம் ஒதுக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவர் என் பக்கத்தில், கோட்டும் டையும் போட்டுக்கொண்டு. பின்னால் மகளும் அவள் தோழியும் ஒரு மூட்டை வெள்ளைத் துணியும். ஹைவேயில் ஏறியதும் கார் சாலையில் ஒட்டிக்கொண்டு ஓடியது. சுபாங் அருகே ஒரு லோரி, சிக்னல் இல்லாமல் சட்டென்று என் லேனுக்குள் நுழைந்தது. பிரேக்கை மிதித்து வலப்பக்கம் திருப்பினேன். கார் ஒரு தடவை சாய்ந்து, அப்படியே நிமிர்ந்து, தன் வழியில் போனது. இரண்டாவது ஆட்டம் இல்லை. என் இதயம்தான் ஆடிக்கொண்டிருந்தது. பயந்து பயந்து இடது பக்கம் பார்த்தேன்.

அவர் கண்ணாடி வழியாக அந்த லோரியை எரித்துவிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைசென்ஸ் எங்க வாங்குனானோ, முட்டாப்பய!" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் கொஞ்சம் முன்னாடியே பாத்திருக்கணும். இவ்ளோ ஒட்டிட்டா போவாங்க? லோரிக்குப் பின்னாடி எடம் விடணும்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

மகள் பின்னாலிருந்து சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். முதுகில் வலி இருக்கிற மனிதருக்கு அடுத்தவள் ஓட்டுவதில் குறை கண்டுபிடிக்க நேரம் இருக்காது. பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை திட்டிக்கொண்டே வந்தார். சொல்லச் சொல்ல எனக்கு இனித்தது.

தேவாலய வாசலில் தானே கதவைத் திறந்து, ஒரு காலை ஊன்றி, மறு காலை ஊன்றி எழுந்து நின்றார். மாப்பிள்ளையின் அண்ணன் பிடிக்க ஓடி வந்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஆர்கன் ஆரம்பித்தது. மகள் அப்பாவின் கைக்குள் தன் கையை விட்டாள். அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வரிசையாக, தெரிந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டு, பீடம் வரைக்கும் நடந்தார். மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார், வைத்துவிட்டு ஒரு நொடி தன் கையை எடுக்கவில்லை. எனக்குப் பின்வரிசையில் கொழுந்தன் ஏங்கி ஏங்கி அழுதான். நான் திரும்பிப் பார்த்து, மூக்கைத் துடைக்கச் சொல்லிக் கைக்குட்டையைக் கொடுத்தேன். பிறகு எனக்கே கைக்குட்டை தேவைப்பட்டது, கொடுத்ததைத் திருப்பி வாங்க வேண்டியதாகிவிட்டது.

திருப்பலி முடிந்து, படம் எடுத்து, மணமக்கள் மாப்பிள்ளை வீட்டாரின் பெரிய காரில் ஏறிப் போனார்கள். விருந்து மாலையில்தான். அதுவரை அவர் படுத்து ஓய்வெடுக்கட்டும் என்று பக்கத்திலேயே ஒரு ஹோட்டல் அறை போட்டிருந்தேன். காரில் ஏறி உட்கார்ந்தவர், டையைத் தளர்த்திக்கொண்டார்.

"ரூமுக்குத்தானே போறோம்?" என்றேன்.

"ரூமுல போய் என்ன பண்றது? படுத்துப் படுத்துதான் இத்தனை மாசம் போச்சே." ஜன்னல் கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தார். "விருந்துக்கு இன்னும் நேரம் கெடக்கு. ஹைவேல ஏறு. சும்மா போலாம்."

"எதுவரைக்கும்?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

கிள்ளான் வரைக்கும் போனோம். அவர் போதும் என்று சொல்லவே இல்லை. விருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் வண்டியைத் திருப்பினேன்.